விண்டோஸ் 10-ஐ விடுவதா, வைத்துக்கொள்வதா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம் அது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. மறுநாள் காலையிலும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் வழக்கம்போல ஆன் ஆயின. அதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று இருந்துவிட்டவர்கள் ஏராளம். பதறிப்போய், நன்றாக இருந்த கம்ப்யூட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கியவர்களும் உண்டு. இந்த இரண்டு முடிவுகளிலும் விட்டுப்போனது ஒரே கேள்விதான்: அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு இணையம் எவ்வளவு தேவைப்படுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் தேதியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் பிறக்கின்றன.

முதலில் "ஓடுகிறதே" என்ற நினைப்பு. ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பொருளில்லை. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச்களை, அதாவது இந்த அடைப்புகளை, வெளியிடுகிறது. விண்டோஸ் 11-க்கு வரும் பேட்சைப் பிரித்துப் பார்த்தால், முன்பு என்ன ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு விண்டோஸுக்கும் உள்ளே இருக்கும் நிரல்களில் பெரும்பகுதி பொதுவானது. ஆக, புதியதற்குப் போடும் ஒவ்வொரு பேட்சும், அடைக்கப்படாத பழையதில் எங்கே நுழையலாம் என்று திருடனுக்கு வழிகாட்டுகிறது. ஆதரவு முடிந்த முதல் மாதத்தைவிட ஓராண்டு கழித்து ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

"ஆன்டிவைரஸ் இருக்கு" என்பது அடுத்த சமாதானம். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் அடையாளப் பட்டியல் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆன்டிவைரஸின் வேலை கெட்ட நிரலை அடையாளம் காண்பது. இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. 2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரையை நினைத்துப் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்த நிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது.

அந்தச் சம்பவத்தில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்த ஓட்டைக்கான பேட்ச் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவும் இருந்தது. அது முடிந்தது 2020 ஜனவரியில்தான். பேட்ச் வந்தும் போடாமல் விட்டதுதான் அங்கே வினையானது. நம் ஊர்க் கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் "நெட் ஸ்லோவாகுது" என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பது சர்வசாதாரணம். அந்தப் பழக்கம் மாறாவிட்டால் விண்டோஸ் 11-க்குப் போயும் பயனில்லை.

சரி, உடனே மாற முடியாத நிலையா? அவகாசம் வாங்கிக்கொள்ள வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு பேட்ச்களை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கம்ப்யூட்டர் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர். ஒரே பதிவை 10 கம்ப்யூட்டர்கள் வரை பயன்படுத்தலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு: ஒரு கம்ப்யூட்டருக்கு முதலாண்டு 61 டாலர், அப்புறம் ஆண்டுக்காண்டு இருமடங்கு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. அவகாசம் கிடைத்துவிட்டது என்று அந்தக் கெடு முடியும் வரை சும்மா இருந்துவிடக் கூடாது. என்ன மாற்றுவது என்று நிதானமாகப் பார்க்கத்தான் அந்த நேரம்.

"இந்த மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்புவதும் பணத்தை வீணாக்கும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் நிரல்), செக்யூர் பூட் (தொடங்கும்போதே போலி நிரல்களைத் தடுக்கும் வசதி), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இதில் டிபிஎம்தான் குழப்பம். பல மதர்போர்டுகளில் அது இருந்தும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் இல்லை என்று வந்தால், பயாஸில் இன்டெல் பிடிடி அல்லது ஏஎம்டி எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே ஒரு அமைப்பை மாற்றியதும் தகுதி பெற்றுவிடும் கம்ப்யூட்டர்கள் நிறைய. ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிட்டால், அது கையில் இல்லாதவருக்குக் கோப்புகள் திரும்பாது.

தகுதியே இல்லாத மெஷினில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடும் வழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காக மாறுகிறவர் இதைச் செய்வதில் அர்த்தமில்லை.

இனி, தொழில் செய்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம். விண்டோஸை மாற்றிவிட்டு, பிறகு "அந்த சாஃப்ட்வேர் ஓடலையே" என்று தவிப்பது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் ஓடாது. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய டாஸ் பில்லிங்கையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் வைத்துக் கடை நடத்துகிறவர் 32 பிட் விண்டோஸ் 10-இலோ அதற்கு முந்தையதிலோதான் இருப்பார். அவருக்கு இது வெறும் அப்டேட் இல்லை; கணக்கு முறையையே மாற்றுவது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே மேலேற்றவும் முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

டிடிபி கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் இன்னொரு சிக்கல். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகைகள், கோயில் மலர்கள், ஊர் வரலாறுகள் ஹார்ட் டிஸ்க் நிறையக் கிடக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மாறுவதற்கு முன்பே எழுத்துருக் கோப்புகளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். திரும்பப் பயன்படப் போகும் உரைகளை, எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இந்தக் கோப்புகளில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. ஒரு ஊரின் எழுத்து அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். அதைக் காப்பாற்றாமல் ஃபார்மட் செய்வதைப்போன்ற இழப்பு வேறில்லை.

இப்படிப்பட்ட வேலைக்குப் பழைய கம்ப்யூட்டரையே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள். "பேங்க் வேலைக்கு மட்டும் கொஞ்ச நேரம்" என்று திரும்ப இணைக்கக் கூடாது. கோப்பு கொண்டுவரும் பென் டிரைவை முதலில் புதிய கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் இங்கே செருகுங்கள்.

பேக்கப் எடுக்கும்போது டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் மட்டும் நகலெடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். டேலி டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் மின்னஞ்சல் கோப்பு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் எல்லாம் வேறு இடங்களில் இருக்கும். நேரடியாக மேலேற்றினால், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். ஆகவே அந்தப் பத்து நாளுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், ஜிஎஸ்டி தாக்கல் என்று எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை யோசிக்கவே மாட்டேன் என்பதும், யோசித்த அன்றைக்கே விண்டோஸை அழித்துப் போடுவதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறுகள் இல்லை. பிரவுசர், வீடியோ, கடிதம், பிள்ளைகளின் படிப்பு என்ற அளவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். தமிழ்99-இல் தட்டச்சவும் முடியும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், எதையும் அழிக்காமல் வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டால் எட்டு வருடப் பழைய மெஷினும் சுறுசுறுப்பாகிவிடும். டேலியும் பேஜ்மேக்கரும்தான் பிழைப்பு என்பவருக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது.

பழைய லேப்டாப் வாங்கித்தான் மாறப் போகிறீர்கள் என்றால் பிராசசர் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்டெல்லில் கோடு போட்ட பிறகு வரும் முதல் இலக்கம் (பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்கள்) தலைமுறையைச் சொல்லும்: ஐ5-8250 எட்டாம் தலைமுறை, ஐ5-7200 ஏழாம் தலைமுறை. "விண்டோஸ் 11 போட்டே தர்றோம்" என்று கடைக்காரர் சொன்னாலும் ஏழாவது ஏழாவதுதான். லினக்ஸ் போடுவதாக இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.