நாலு மணி நேர கரண்டில் நிரம்புகிற பவர் பேங்க்: ரங்கூன் வீடுகளுக்கு ஒரு செய்முறை

பவர் பேங்க் வாங்கப் போகிற எல்லோரும் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை ஆயிரம் எம்ஏஎச்?" அதாவது, பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பது (mAh). சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு அது சரியான கேள்விதான். ராத்திரி செருகிவிட்டுப் படுத்தால் விடியும்போது நிரம்பியிருக்கும். ரங்கூனில் அந்தக் கதை நடக்காது. கோடையில் அணைத் தண்ணீர் குறைந்து, எரிவாயுவும் போதாமல் போகிற மாதங்களில், நாலு மணி நேரம் கரண்ட், எட்டு மணி நேரம் இருட்டு என்று பேட்டை பேட்டையாக முறை வைத்து விடுகிறார்கள். சில நாள் அந்த நாலு மணி நேரமும் முழுசாகக் கிடைப்பதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு: "இதுக்கு எத்தனை வாட்டில் சார்ஜ் ஏறும்?"

முதல் தடவையாக வாங்குகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். விலை எதுவும் போடவில்லை. மியான்மர்ப் பணமான சாட்டின் மதிப்பு போகிற போக்கில், நீங்கள் இதைப் படிப்பதற்குள் அது பழங்கதையாகிவிடும்.

படி 1: வீட்டில் என்னென்ன ஓட வேண்டும்?

ஒரு தாளில் எழுதுங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை ஒரு தடவை நிரப்ப ஏறக்குறைய 19 வாட்-ஹவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது) வேண்டும். இரண்டு போன் என்றால் 38. சின்ன யூஎஸ்பி மின்விசிறி 5 வாட் இழுத்தால், நாலு மணி நேரத்துக்கு 20. மொத்தம் 58. இந்த அளவுள்ள வீட்டுக்கு ஒரு 20,000 எம்ஏஎச் சரியாக இருக்கும் (கணக்கு அடுத்த படியில்). ஒரு போன் மட்டும்தான் என்றால் 10,000 போதும். பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவும் சுகம்.

படி 2: பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். பவர் பேங்கின் முதுகில், கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய அளவில், மூன்று விஷயம் இருக்கும்: வாட்-ஹவர், ரேட்டட் கெப்பாசிட்டி, இன்புட்.

20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கிற செல்லின் கணக்கு. அந்தச் செல் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-ஹவர். போனுக்கு வெளியே வருவதோ 5 வோல்ட். வோல்டேஜை ஏற்றுகிற வேலையில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். அதனால்தான் நல்ல கம்பெனிகள் ரேட்டட் கெப்பாசிட்டி என்று 12,000-லிருந்து 13,000 வரை ஒரு எண்ணைத் தனியாகப் போடுகின்றன. "பாதியைத் திருடிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்; அந்தச் சின்ன எண்தான் உண்மை பேசுகிறது. அது அச்சிடப்படாத பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: இன்புட் வாட்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்புட் என்ற வரியில் 5 வோல்ட் 2 ஆம்ப், 9 வோல்ட் 2 ஆம்ப் என்று போட்டிருக்கும். பெருக்குங்கள். முதலாவது 10 வாட், இரண்டாவது 18 வாட். இருப்பதில் பெரியதுதான் அந்தப் பவர் பேங்க் வாங்கிக்கொள்ளும் அதிகபட்ச வேகம்.

74 வாட்-ஹவர் உள்ள பவர் பேங்கை 10 வாட்டில் நிரப்ப, சேதாரத்தையும் கடைசியில் வேகம் குறைவதையும் சேர்த்தால், ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். 18 வாட்டில் ஐந்து மணி நேரம். 30 வாட்டில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 45 வாட் வாங்கக்கூடியது இரண்டரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். நமக்குக் கிடைப்பது நாலு மணி நேரம். 10 வாட் பெட்டி அதற்குள் பாதிகூட ஏறாது. 20,000 என்று காசு கொடுத்து வாங்கி, தினமும் 8,000-ஐ வைத்துக் குடும்பம் நடத்துவதில் என்ன லாபம்? குழாயில் தண்ணீர் அரை மணி நேரம்தான் வரும் என்றால், பெரிய டிரம்மைவிட அகலமான குழாய்தான் முக்கியம்.

ஆகவே என் தீர்ப்பு: 20,000 எம்ஏஎச் வாங்கினால் இன்புட் 30 வாட்டுக்குக் குறையக் கூடாது. கையில் இருக்கிற காசுக்கு 18 வாட்தான் கிடைக்கிறது என்றால் 10,000 எம்ஏஎச்சில் நில்லுங்கள். அது இரண்டரை மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். அப்படி இரண்டு வாங்கி இரண்டு சார்ஜரில் போடுவதும் நல்ல வழிதான். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

கடையில் ஒரு தந்திரம் நடக்கும். "65 வாட், 65 வாட்" என்று காட்டுவார்கள். பார்த்தால் அது அவுட்புட்; லேப்டாப்புக்கு வெளியே கொடுக்கிற வேகம். இன்புட் வரிக்குப் போனால் 18 வாட் என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். விரலை வைத்து வரியைக் காட்டிக் கேளுங்கள்.

படி 4: சார்ஜரும் கேபிளும்

30 வாட் வாங்கத் தெரிந்த பவர் பேங்குக்கு 30 வாட் கொடுக்கத் தெரிந்த சார்ஜர் வேண்டும். "வீட்டில் 67 வாட் போன் சார்ஜர் இருக்கே" என்பீர்கள். போன் கம்பெனிகளின் அதிவேக சார்ஜர்கள் பல, தங்கள் போனைக் கண்டால்தான் அந்த வேகத்தைக் காட்டும். வேறு சாமான் செருகினால் சில 10 வாட்டிலேயே நின்றுவிடும். "பிடி" (PD, பவர் டெலிவரி) என்று எழுதிய, டைப்-சி ஓட்டை உள்ள சார்ஜர்தான் நம்பகமானது. கேபிளும் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்த எந்த சி-டு-சி கேபிளும் 60 வாட் வரை தாங்கும்; அதற்கென்று விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். பெட்டிக்குள் ஓசியாக வருகிற அரை முழ கேபிளைத் தூரப் போடுங்கள்.

படி 5: தராசில் வையுங்கள்

சீன எல்லை வழியாக வந்து இறங்கும் சரக்கில் நல்லதும் உண்டு, வேஷமும் உண்டு. உள்ளங்கை அளவு பெட்டியில் "50,000" என்று போட்டு நடைபாதையில் அடுக்கியிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, எடை போதும். இன்றைய லித்தியம் செல்கள் ஒரு கிலோவுக்கு 250 வாட்-ஹவர் அளவில்தான் சேமிக்கும். 74 வாட்-ஹவருக்கு செல் மட்டுமே ஏறக்குறைய 300 கிராம். மேல்கூடும் சர்க்யூட்டும் சேர்ந்தால் 350-க்கு மேல் போகும். 10,000 என்றால் 180-லிருந்து 220 கிராம். 50,000 என்பது உண்மையாக இருந்தால் அது ஒரு கிலோவை நெருங்க வேண்டும்.

பக்கத்து மளிகைக் கடையில், "அண்ணே, இதைக் கொஞ்சம் தராசில் வைச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பவர் பேங்க் விற்கிறவர் முகம்தான் மாறும். 50,000 என்று எழுதியது 210 கிராம் காட்டினால், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. கனமாக இருந்தால் மட்டும் நல்லது என்றும் சொல்ல முடியாது. எடை கூட்ட உள்ளே வேறு எதையாவது வைக்கிறவர்களும் உண்டு. அதற்குத்தான் அடுத்த படி.

படி 6: வீட்டில் ஒரு நாள் சோதனை

முழுசாக நிரப்புங்கள். போனை 10 சதவீதத்துக்கு இறக்கி, அணைத்துவிட்டு, நிரம்பும்வரை ஏற்றுங்கள். பவர் பேங்க் சாகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உண்மையான 20,000, ஒரு 5000 எம்ஏஎச் போனை இரண்டரையிலிருந்து மூன்று தடவை முழுசாக நிரப்பும். ஒன்றரைத் தடவையிலேயே படுத்துவிட்டால் ரசீதோடு கடைக்குப் போங்கள். யூஎஸ்பி மீட்டர் என்று விரல் அளவில் ஒரு சாமான் விற்கிறது. இடையில் செருகினால் வோல்ட், ஆம்ப், வாட்-ஹவர் எல்லாம் திரையில் ஓடும். நாலு வீட்டுக்கு ஒன்று இருந்தாலே போதும்.

படி 7: வைஃபை ரவுட்டருக்கு

"மீ லா பீ!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று தெருவே கத்தும்போது எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டார், சோற்றுக் குக்கர், சார்ஜர் என்று எல்லாம் ஓட ஆரம்பிக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கி அடங்க ஐந்து நிமிஷம் கொடுத்து, அப்புறம் செருகுங்கள். இது எல்லா சாமானுக்கும் பொருந்தும். ஆனால் கரண்ட் போகும்போது முதலில் சாவது ரவுட்டர். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் அதோடு போகும்.

ரவுட்டர் அடாப்டரின் மேல் அவுட்புட் என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் 1 ஆம்ப் இருக்கும். 9 வோல்ட் உள்ளவையும் உண்டு. யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 12-ஆக ஏற்றித் தருகிற ஸ்டெப்-அப் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. வோல்ட் எண்ணும் பின்னின் அளவும் அடாப்டரோடு ஒத்துப்போக வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரில் 12-ஐக் கொடுத்தால் ரவுட்டர் போயிற்று. ரவுட்டர் 7 வாட் இழுத்தால் 74 வாட்-ஹவர் பவர் பேங்க் எட்டு மணி நேரம் ஓட்டும்.

இருந்தாலும் ரவுட்டருக்கென்றே மினி டிசி யூபிஎஸ் (கரண்ட் போனதும் தன் பேட்டரியிலிருந்து இடைவிடாமல் கொடுக்கிற சின்னப் பெட்டி) வாங்குவதுதான் என் சிபாரிசு. பவர் பேங்கைச் சுவரிலும் ரவுட்டரிலும் ஒரே சமயத்தில் மாட்டி வைத்தால், கரண்ட் போகிற, வருகிற நொடியில் பல பவர் பேங்குகள் ஒரு கணம் கரண்டை நிறுத்திவிடும். ரவுட்டர் முதலிலிருந்து எழும். யூபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

வாட்ச், இயர்பட் வைத்திருப்பவர்கள்

இவை இழுக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம். எதுவும் செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். பழுதென்று நினைக்க வேண்டாம். பல மாடல்களில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் குறைந்த கரண்ட் முறைக்கு மாறும். அந்த வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சூடும் பயணமும்

தகரக் கூரைக்குக் கீழே, தலையணைக்கு அடியில், வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். பவர் பேங்கின் நடு வயிறு உப்பினால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். குத்திப் பார்க்கவும் வேண்டாம், அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். பேர் பெற்ற கம்பெனி என்பதாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஆங்கர் கம்பெனியே 2025 ஜூனில், தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாகச் சொல்லி, ஏ1263 என்ற மாடலில் 10 லட்சத்துக்கு மேல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. பழையது வாங்குகிறவர்கள் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

சென்னைக்குப் பறக்கிறவர்களுக்கு: பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் செய்கிற பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி கேட்கமாட்டார்கள். எம்ஏஎச் கணக்கில் அது ஏறக்குறைய 27,000. தாய் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2025-லிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை. பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போகிறவர்கள் போனை ஏறும் முன்னாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சோதனையில் முதுகில் அச்சடித்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். எழுத்து தேய்ந்து அழிந்துபோனதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.