தாரும் ஜல்லியும் கலந்த ரோட்டுக்கு எந்த சைக்கிள் வாங்கலாம்? வடசென்னைக்காரர்களுக்கு

கடைக்குள் நுழைந்ததும் கியர் எத்தனை, ஃபிரேம் கார்பனா, எடை எவ்வளவு என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த ஃபிரேமுக்குள் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் டயர் போகும்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதற்கு ஒழுங்கான பதில் வராத சைக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நம்ம ஏரியாவுக்கு வேண்டாம். கியரை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், காசு இருந்தால் சக்கரத்தையே மாற்றலாம், ஆனால் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இருக்கிற சந்து வாங்கின அன்றைக்கு எவ்வளவோ கடைசிவரை அவ்வளவுதான்.

நம் ரோடு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். காசிமேட்டில் கிளம்பி எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போனால் கொஞ்ச தூரம் நல்ல தார், அப்புறம் கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி அலையலையாக வழிந்துபோன தார், ஓரத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், தோண்டிவிட்டு ஜல்லி போட்டு மூடிய பள்ளம். மணலி பக்கம் திரும்பினால் சரக்கு ரயில் தண்டவாளம் குறுக்கே வரும். மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு வரை போகிறவர்களுக்கும், செங்குன்றம், சோழவரம் பக்கம் ஏரியை ஒட்டிய மண்பாதைகளில் இறங்குகிறவர்களுக்கும் ஒரே காலையில் இது எல்லாமே கிடைக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் கிராவல் என்று காட்டுகிற, சீராகப் பரப்பிய சரளைச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு சைக்கிள் தேடினால் தேவையில்லாத சாமானுக்குக் காசு போகும். நமக்கு வேண்டியது தாரில் இழுக்காமல் ஓட வேண்டும், ஜல்லியில் கையை உதறக் கூடாது, உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும்தான்.

டயர் அகலத்துக்கு வருவோம். முழு ரோடு பைக்கில் 25 அல்லது 28 மி.மீ. டயர் இருக்கும். ஓ.எம்.ஆர். மாதிரி வழவழப்பான ரோட்டுக்கு அது போதும். நம்ம பக்கத்துக்கு 32 என்பது குறைந்தபட்சம், 35லிருந்து 38 வரை போனால் நிம்மதி, 40 போகிற ஃபிரேம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மழைக்காலத்தில் மட்கார்டு மாட்டும்போது அந்த இடம் தேவைப்படும். அகல டயர் மெதுவாகப் போகும் என்று கடையில் சொல்வார்கள், நண்பர்களும் சொல்வார்கள். கரடுமுரடான ரோட்டில் நிலைமை வேறு. ஒல்லி டயரில் காற்றை இறுக்கி அடித்தால் ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் உங்களையும் மேலே தூக்கிப் போடும், முன்னால் போக வேண்டிய சக்தி அதிலேயே வீணாகும். பால்காரரும் மீன்காரரும் ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிளின் டயர் 40 மி.மீ. அகலம்தான், கவனித்திருக்கிறீர்களா? கிராவல் பைக் என்று இன்றைக்குப் புதிதாக விற்பதிலும் கிட்டத்தட்ட அதே அகலம்தான்.

ஆனால் அந்தப் பழைய சைக்கிள் டயரை இதில் போட முடியாது, இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. அதுவும் 28 இன்ச், இன்றைய ரோடு பைக், கிராவல் பைக்குகளில் வருகிற 700சி என்ற அளவு டயரிலும் சிலவற்றில் 28 இன்ச் என்றே எழுதியிருக்கும். பழைய சைக்கிளின் ரிம் 635 மி.மீ., 700சி ரிம் 622 மி.மீ. 28 இன்ச் டயர் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தால் ரிம்மில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 38-622 என்கிற மாதிரி ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள், முதலாவது அகலம், இரண்டாவது ரிம் விட்டம். ரத்தன் பஜார் கடைகளில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும் அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். 650பி என்று 584 மி.மீ. ரிம் போட்ட கிராவல் பைக்குகளும் உண்டு, ஓட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவசரத்துக்கு ஒரு டயர் வேண்டும் என்றால் அலைய வேண்டிவரும். 622 வாங்குங்கள்.

கடையில் இடைவெளியைப் பார்ப்பது எப்படி என்றால், "அண்ணே, இதுல 38 போகுமா?" என்று கேட்டால் "தாராளமா போகும் சார்" என்றுதான் பதில் வரும். நம்புங்கள், ஆனால் அவரிடமே ஒரு 6 மி.மீ. ஆலன் கீ வாங்கி, பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற குழாய்க்கும் டயருக்கும் நடுவே விட்டுப் பாருங்கள், பெடல் அச்சுக்குப் பக்கத்தில், குழாய் மிகவும் நெருங்கி வருகிற இடத்தில். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கிலும் அதே மாதிரி. இப்போது போட்டிருக்கிற டயர் 32 என்றால், 38 போடும்போது ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறையும். குறைந்த பிறகும் 4 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும், 6 இருந்தால் உத்தமம். அதாவது இப்போது அந்தக் கீ போனால் மட்டும் போதாது, அதற்கு மேலும் ஒரு மில்லிமீட்டராவது சந்து தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஈர மண் டயரில் ஒட்டிக்கொண்டு வந்து குழாயில் உரசும், ஒரு சின்ன ஜல்லி மாட்டினால் பெயின்ட்டை அப்படியே சுரண்டிவிடும்.

காற்று அளவும் டயரோடு சேர்ந்த விஷயம். ட்யூப் போட்ட சக்கரம், ஆள் 70, 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 32 மி.மீ. டயருக்கு 55லிருந்து 65 பிஎஸ்ஐ, 38க்கு 40லிருந்து 45 வைத்து ஆரம்பித்துப் பாருங்கள், முன்னால் கொஞ்சம் குறைவாக. பஞ்சர் கடையில் கல்லு மாதிரி அடித்துக் கொடுப்பார்கள், அது அவர்கள் பழக்கம். வால்வு ஒல்லியான பிரெஸ்டா என்றால் அவர்கள் பம்ப் பொருந்தாது, அதற்கு ஒரு சின்ன பித்தளை அடாப்டர் உண்டு, பையில் போட்டுக்கொள்ளுங்கள். ட்யூப்லெஸ் பற்றிக் கேட்பீர்கள். நல்லதுதான், முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும், ஆனால் உள்ளே ஊற்றுகிற சீலன்ட் நம்ம வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுகிற பொறுமை இருந்தால் மட்டும் போங்கள்.

டயரின் பட்டன், அதாவது மேலே புடைத்து நிற்கிற ரப்பர் கட்டி, பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் லேசாகப் பட்டனும் இருக்கிற டயர் நமக்குச் சரி. மணலில் எந்தப் பட்டனும் உதவாது, அகலம்தான் உதவும்.

பிரேக்கில் பெரிய யோசனை வேண்டாம், டிஸ்க் எடுங்கள். ரிம்மைக் கவ்வுகிற சாதாரண ரோடு பிரேக் போட்ட சைக்கிள்களில் பெரும்பாலும் 28க்கு மேல் டயர் போகாது, அதனாலேயே கதை முடிந்தது. கேபிள் டிஸ்க்கா, ஹைட்ராலிக்கா என்றால், ஹைட்ராலிக் ஒரு விரலில் நிற்கும், ஆனால் எண்ணெய் மாற்றத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். கேபிள் என்றால் தெருமுனைக் கடையிலேயே சரிபண்ணிவிடுவார்கள். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அடிக்கடி போகிறவர்கள் பிரேக் பேடையும் கவனியுங்கள். மழைத் தண்ணீரோடு சாம்பலும் நிலக்கரித் தூசியும் சேர்ந்த சேறு ரெசின் பேடைச் சீக்கிரம் தின்றுவிடும், மெட்டல் பேட் கூடுதல் நாள் வரும். ரோட்டரில், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டில், ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் மெட்டல் போடக் கூடாது, அதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது உப்பு, இதைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் எழுதுகிற வழிகாட்டிகளில் யாரும் சொல்வதில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பி என்ன ஆகிறதோ அதுதான் உங்கள் சைக்கிளின் போல்ட்டுக்கும் ஆகும். அலுமினிய ஃபிரேம் நமக்குப் பொருத்தம். ஸ்டீல் ஃபிரேம் ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் துரு உள்பக்கமிருந்து வரும், வெளியே பெயின்ட் புதுசு மாதிரி இருக்கும், வாங்கினால் குழாய்க்குள் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிட்டு ஓட்டுங்கள். கார்பன் துருப்பிடிக்காது, சரி, ஆனால் கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட் போஸ்ட் இருந்தால், வியர்வை உப்பும் சேர்ந்து இரண்டும் ஒட்டிக்கொண்டு பிறகு கழற்றவே வராது. எந்த ஃபிரேமாக இருந்தாலும் சில மாதத்துக்கு ஒருமுறை சீட் போஸ்ட்டை உருவித் துடைத்து, அலுமினியத்துக்கு கிரீஸ், கார்பனுக்கு அதற்கான பேஸ்ட் தடவி மறுபடி போடுங்கள். பெடல் சுற்றுகிற இடத்து பேரிங், அதாவது பாட்டம் பிராக்கெட், மரை போட்டுத் திருகுகிற வகையா என்றும் கேளுங்கள். அழுத்திச் சொருகுகிற வகை என்றால் கரகரப்பு வரும்போது அதற்கான கருவி இருக்கிற பெரிய கடைக்குத்தான் போக வேண்டும்.

முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த ஹைப்ரிட் சைக்கிளைக் காட்டி, இதுவும் மண் ரோட்டுக்குத்தான் என்பார்கள். மலிவு ஷாக் கனமாக இருக்கும், சரியாக வேலை செய்யாது, அதன் குழாயில் உப்பு ஏறினால் ஒரே வருடத்தில் சிக்கிக்கொண்டு சும்மா நிற்கும். அந்த வேலையை 38 டயர் எளிதாகப் பார்த்துக்கொள்ளும்.

கியர் விஷயத்தில் கடைக்காரர் அதிகம் பேசுவார், நீங்கள் கொஞ்சமாகக் கேட்டால் போதும். நம்மிடம் இருக்கிற மலை, மேம்பாலம்தான். முன்னால் 50, 34 பல், பின்னால் 34 பல் வரை போகிற கேசட், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, இருந்தால் ஏலகிரி போனாலும் சமாளிக்கலாம். நமக்கு உண்மையான ஏற்றம் காற்றுதான். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பிவிட்டால், எண்ணூருக்குத் தள்ளிக்கொண்டுபோன அதே காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அப்போது கியருக்குக் கியர் பெரிய தாவல் இல்லாமல் இருந்தால் கால் தப்பிக்கும், அதனால் பெடல் பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம் வைத்த சைக்கிளைவிட இரண்டு பல்சக்கரம் உள்ளதையே சொல்வேன். ஷிமானோ கம்பெனி கியர்களில் க்ளாரிஸ் 8 வேகம், அதாவது பின்னால் 8 பல்சக்கரம், சோரா 9, டியாக்ரா 10. உப்பிலும் தூசியிலும் செயின் சீக்கிரம் தேயும், 8, 9 வேகச் செயின் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். மேலே போகப் போகத் தேய்மானச் செலவும் கூடும். செயினில் 12 இன்ச் இருக்க வேண்டிய நீளம் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்றிவிடுங்கள், விட்டால் கேசட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

சைஸ். ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம், அதுவும் கடை வாசலில் நாலு அடி உருட்டிப் பார்ப்பதற்குப் பெயர் ஓட்டிப் பார்ப்பது கிடையாது, கால் மணி நேரமாவது கேளுங்கள். லாரி நடுவே போகிறவன் தலையை நிமிர்த்திப் பின்னால் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும். குனிந்து படுக்கவைக்கிற பந்தய ஃபிரேமில் கழுத்து வலிக்கும், நீங்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். என்டூரன்ஸ் அல்லது கிராவல் என்று பெயர் போட்ட, ஹேண்டில்பார் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற ஃபிரேம் எடுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டினால் சின்னதை எடுங்கள் என்பது என் கட்சி, சீட்டை ஏற்றலாம், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மை நீளமானதாக மாற்றலாம், பெரிய ஃபிரேமைச் சுருக்க முடியாது.

கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், மட்கார்டு, பம்ப், பூட்டு எல்லாம் தனிச் செலவு. கம்பெனி டயர் 32 என்றால் 38 வாங்கவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள், கடலோரம் ஓடினதா என்று கேட்டுப் பயனில்லை, யாரும் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு ஆலன் கீயும் அளவு பார்க்க ஒரு காலிப்பரும் கொண்டுபோங்கள். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. கனம், 1.5க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஸ்போக்ஸ் தலைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். கடைசியாக சீட் போஸ்ட் போல்ட்டைத் தளர்த்திச் சீட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசையவே இல்லை என்றால், பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள், ஒட்டிப்போன போஸ்ட்டை வெளியே எடுக்கிற கூலியும் அதில் ஃபிரேமுக்கு வருகிற ஆபத்தும் வாங்கினவர் தலையில்தான் விழும்.