சினை ஊசித் தேதி சுவரில் இருக்கட்டும்

மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட அன்றே தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதிவிடுங்கள். போனில் வேண்டாம், ஒருவர் போனில் இருப்பது மற்றவர் கண்ணில் படாது. 21 நாள் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். அதையொட்டி மாடு கத்தினாலோ, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கினாலோ சினை நிற்கவில்லை என்று சந்தேகப்படலாம். அப்புறம் ஊசி போட்டதிலிருந்து சுமார் 280-ஆம் நாளில், கன்று ஈனும் நாளுக்கு, இன்னொரு வட்டம். அதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்த வேண்டும், அதையும் குறித்துவிடுங்கள்.

ஈனும் நாள் அறுவடையோடு மோதுமா என்பது இப்போதே தெரிந்துவிடும். ராத்திரிக் காவல் யாருக்கு என்று பேசி வைக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை அதில் இழுக்காதீர்கள். ஈனும் நேரம் நெருங்கும்போது மடி இறுகுவதையும் வாலடியில் குழி விழுவதையும் அவர்கள் மாலையில் பார்த்துச் சொல்லட்டும். பெரியவர்களைவிடக் கூர்மையாகவே பார்ப்பார்கள்.

கன்று விழுந்ததும் தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். சீம்பால் கொடுக்க நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.