சின்ன இன நாய்க்குட்டிக்கு வீட்டுக்குள் பேட் பழக்குவது எப்படி?

ஷிட்ஸூ, பொமரேனியன் மாதிரி சின்ன இனக் குட்டியை இரண்டு மாதத்தில் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம், வீடோ மாடியில் ஒரு ஃப்ளாட். தடுப்பூசி வரிசை முடிவதற்குள் குட்டிக்கு ஏறக்குறைய 16 வார வயது ஆகிவிடும். அதுவரை தெருநாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிட்டால் பார்வோ என்ற கொடிய வைரஸ் தொற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் இந்தச் சில வாரங்களுக்கு பேட்தான் வழி, அதாவது தரையில் விரித்தால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும் விரிப்பு.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். குட்டி வேண்டுமென்றே தரையை நனைப்பதில்லை. அதன் மூத்திரப்பை சின்னது, இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மணி நேரம் அடக்கினாலே பெரிய விஷயம். திட்டிப் பழக்க முடியாது, சரியான இடத்துக்குப் போவதை அதற்குச் சுலபமாக்கத்தான் முடியும்.

முதலில் இடம்

சாப்பாட்டுத் தட்டுக்கும் படுக்கைக்கும் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை போதும். பால்கனி வேண்டாம், மத்தியான வெயிலில் தரை கொதிக்கும். அந்த மூலையைச் சுற்றி மடக்கு வேலி போட்டு, முதல் சில நாள் உள்ளே தரை முழுக்க பேட் விரித்துவிடுங்கள், எங்கே போனாலும் பேட்டிலேயே போகட்டும். குட்டி திரும்பத் திரும்ப எந்தப் பேட்டுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே மற்றதை ஒவ்வொன்றாக எடுங்கள். 60-க்கு 90 செ.மீ. பேட் வாங்குவது நல்லது, ஏனென்றால் முன்கால் இரண்டும் பேட்டில் இருந்தாலே தான் உள்ளே நிற்பதாகக் குட்டி நினைத்துக்கொள்ளும், பின்பக்கம் டைல்ஸில் இருக்கும்.

அப்புறம், வீட்டில் இருக்கிற மிதியடி, பாத்ரூம் மேட், சின்னக் கம்பளம் எல்லாவற்றையும் சுருட்டி மேலே வையுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாய்க்குட்டி இடத்தைக் கண்ணால் மட்டும் தெரிந்துகொள்வதில்லை, காலுக்கடியில் எது மெத்தென்று இருக்கிறது, எங்கே பழைய வாசனை வருகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அதன் காலுக்கு மிதியடியும் பேட்டும் ஒன்றுதான்.

நேரம் பிடிப்பது

தூங்கி எழுந்த உடனே, விளையாடி முடித்ததும், சாப்பிட்ட பதினைந்து இருபது நிமிடத்தில், இரவு படுக்கும் முன். இந்த நாலு வேளையும் தவறக் கூடாது. நடுவில் மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே வட்டமடித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்தவரை தூக்கிக்கொண்டு போகாமல் கூப்பிட்டு நடத்திக் கூட்டிப்போங்கள், தூக்கிப் போனால் பேட்டுக்கு வழி உங்களுக்குத்தான் தெரியும், அதற்குத் தெரியாது. அங்கே நின்று "உச்சா போ" என்று ஒரே வார்த்தையை வீட்டில் எல்லோரும் சொல்ல வேண்டும், ஆளுக்கொரு வார்த்தை என்றால் குழம்பும்.

போய் முடித்த அந்த நொடியே, பேட்டின் மேலேயே, வேகவைத்த கோழித்துண்டு துளியூண்டு கொடுங்கள். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேராத துண்டு. ஃப்ரிட்ஜ் வரை ஓடி எடுத்து வருவதற்குள் குட்டி உங்கள் பின்னாலேயே வந்துவிடும், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வந்து நின்றதற்குப் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதலிலேயே பாக்கெட்டில் இருக்கட்டும்.

தரையில் போய்விட்டால்

மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, தயவுசெய்து இரண்டும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அடி வாங்கிய குட்டி, உங்கள் கண்ணெதிரே போனால்தான் ஆபத்து என்று கற்றுக்கொண்டு சோஃபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும், பிறகு பேட்டிலும் உங்கள் முன்னால் போகாது. போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால் மெதுவாகக் கைதட்டி நிறுத்தி பேட்டுக்குக் கொண்டுபோங்கள், பிறகு பார்த்தால் சும்மா துடைத்துவிடுங்கள்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைக்கலாம், மூத்திர வாசனையைச் சிதைத்து நீக்கும் என்சைம் கிளீனர் கிடைத்தால் இன்னும் நல்லது. அமோனியா கலந்த கிளீனர் மூத்திர வாசனையையே நினைவூட்டும், கறுப்பு ஃபினாயிலோ காலில் பட்டு நக்கினால் விஷம். நனைந்த பேட்டை உடனுக்குடன் மாற்றுங்கள், ஆனால் புதுசுக்கு அடியில் பழையதிலிருந்து ஒரு சின்னத் துண்டு வைத்தால் வாசனை வழிகாட்டும்.

கவனிக்க வேண்டியவை

பேட் நனையாமல் இருக்கட்டும் என்று தண்ணீரையோ சாப்பாட்டையோ குறைக்காதீர்கள். இந்தச் சின்ன இனங்களில் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும் குட்டிகள் உண்டு, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பேட்டைக் கடித்துப் பிய்த்தால் மேலே வலை போட்ட டிரே வாங்குங்கள், பேட்டுக்குள் இருக்கும் ஜெல் வயிற்றுக்குள் போகக் கூடாது. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ அது பழக்கக் கோளாறு இல்லை, மூத்திரத்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசி முடிந்து வெளியே கூட்டிப்போக ஆரம்பித்ததும் பேட்டை ஒரேயடியாக எடுத்துவிட வேண்டாம். வாசல் பக்கம் தினம் கொஞ்சமாக நகர்த்துங்கள், வெளியே போகும்போது ஈரம் பட்ட துண்டு ஒன்றைக் கூடவே எடுத்துப் போய்ப் புல்லில் வையுங்கள். மழைக்காலத்துக்காக வீட்டுக்குள் ஒரு பேட்டை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டாலும் தவறில்லை.