‘முடியும்’, ‘முடியாது’, ‘முடிந்தது’: ஆங்கிலத்தில் எப்போது கேன், எப்போது குட், எப்போது ஏபிள் டு?

‘ஐ கேன் ஏபிள் டு டூ இட்’ என்ற வாக்கியத்தை நேர்முகத் தேர்வுகளிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் அடிக்கடி காணலாம். ‘கேன்’ என்பதும் ‘ஏபிள் டு’ என்பதும் தனித்தனியே ‘முடியும்’ என்ற பொருளைத் தருவதால், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கக் கூடாது. ‘ஐ கேன் டூ இட்’ என்றோ, ‘ஐ ஆம் ஏபிள் டு டூ இட்’ என்றோ சொல்ல வேண்டும். அன்றாடப் பேச்சில் முதல் வடிவமே இயல்பானது.

கேனுக்கான இலக்கணம் எளிது. எழுவாய் எதுவாயினும் அதன் வடிவம் மாறாது. அதை அடுத்து வரும் வினை ‘டு’ இல்லாமல் மூல வடிவில் நிற்கும். கேள்வியில் ‘டூ’, ‘டஸ்’ ஆகியவற்றின் துணை இல்லாமல் கேன் தானே எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். ‘ஷி கேன் டிரைவ்’, ‘கேன் ஷி டிரைவ்?’, ‘ஷி கேனாட் டிரைவ்’ என்பவை போதிய எடுத்துக்காட்டுகள்.

தமிழில் கற்றறிந்த திறமைக்குத் ‘தெரியும்’ என்றும், உடல்வலிமைக்கோ சூழ்நிலைக்கோ ‘முடியும்’ என்றும் பிரித்துச் சொல்கிறோம். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதை அப்படியே மாற்றி ‘ஐ நோ டு ஸ்விம்’ என்று சொல்வது பிழை; ‘ஐ கேன் ஸ்விம்’ என்றாலே போதும். கேன் என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘அறிந்திரு’ என்ற பொருளில் வழங்கிய வினையிலிருந்து வந்தது என்பதால், அது தெரிதலையும் முடிதலையும் சேர்த்தே சுமப்பதில் வியப்பில்லை.

நன்கு படித்தவர்களும் தடுமாறும் இடம் இறந்தகாலம். கேனின் இறந்தகால வடிவமான குட், ஒரு காலத்தில் ஒருவருக்குப் பொதுவாக இருந்த திறனைக் குறிக்கும்: ‘மை கிராண்ட்ஃபாதர் குட் கிளைம்ப் எனி ட்ரீ’ என்றால், தாத்தாவால் எந்த மரத்திலும் ஏற முடிந்தது என்று பொருள், அவர் குறிப்பிட்ட ஒரு நாளில் ஏறினாரா என்பது அதில் இல்லை. ஆனால், குறிப்பிட்ட ஒரு தருணத்தில் ஒரு செயல் வெற்றியுடன் நடந்தேறியதைச் சொல்லும்போது குட் பொருந்தாது. ‘தீயணைப்பு வீரர்களால் ஒரு மணி நேரத்தில் தீயை அணைக்க முடிந்தது’ என்ற தமிழ் வாக்கியம் தீ அணைந்துவிட்டது என்ற செய்தியையும் தருகிறது. அதற்கு நிகராக ஆங்கிலத்தில் ‘வேர் ஏபிள் டு புட் அவுட்’ என்றோ ‘மேனேஜ்ட் டு புட் அவுட்’ என்றோதான் எழுத வேண்டும். ஸீ, ஹியர், ஸ்மெல், ரிமெம்பர், அண்டர்ஸ்டாண்ட் போன்ற புலனுணர்வு, மன உணர்வு வினைகள் இதற்கு விலக்கு. ‘ஐ குட் ஹியர் ஹிம் லாஸ்ட் நைட்’ என்பது சரியே. எதிர்மறையில் இந்த வேறுபாடு மறைந்துவிடுவதால், ‘தே குட் நாட் புட் அவுட் தி ஃபயர்’ என்று தயங்காமல் எழுதலாம்.

எதிர்மறையில் வேறொரு சிக்கல் உண்டு. தமிழின் ‘முடியவில்லை’ நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் பொதுவானது. எந்தக் காலம் என்பதைச் சூழல்தான் காட்டும். ஆங்கிலத்தில் பேசுபவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நேற்றிரவு தூங்க முடியவில்லை என்றால் ‘ஐ குடன்ட் ஸ்லீப்’. இப்போது படுக்கையில் புரண்டுகொண்டிருந்தால் ‘ஐ கான்ட் ஸ்லீப்’. தொலைபேசியில் எதிர்முனையின் குரல் இன்னும் கேட்காத நிலையில் ‘ஐ குடன்ட் ஹியர் யூ’ என்று சொன்னால், சற்று முன்பு கேட்கவில்லை, இப்போது கேட்கிறது என்று மறுமுனையில் இருப்பவர் எண்ணிக்கொள்ள இடமுண்டு. அதுபோலவே நம்முடைய ‘முடியாது’ சில வேளைகளில் இயலாமையை அல்ல, மறுப்பையே காட்டும். மனமில்லாத மறுப்புக்கு ‘ஐ வோன்ட்’ என்பதும், உண்மையான இயலாமைக்கு ‘ஐ கான்ட்’ என்பதும் உரியவை.

வில், மைட் போன்ற துணைவினைகளை அடுத்துக் கேன் வராது. அங்கேதான் ஏபிள் டு கைகொடுக்கிறது. பயிற்சி முடிந்த பிறகு கைவரப்போகும் திறனை ‘யூ வில் பி ஏபிள் டு டிரைவ்’ என்றும், இதுவரை இயலாமல் போனதை ‘ஐ ஹேவ் நாட் பீன் ஏபிள் டு ஃபினிஷ் இட்’ என்றும் சொல்லலாம். ஆயினும் நாளைய சந்திப்புக்கு இப்போதே ஒப்புக்கொள்பவர் ‘ஐ கேன் கம் டுமாரோ’ என்று சொல்வதில் தவறில்லை. திறன் இருந்தும் செய்யாமல் விட்டதற்கு ‘குட் ஹேவ்’ உண்டு: ‘ஐ குட் ஹேவ் ஹெல்ப்ட் யூ’ என்றால், என்னால் உதவியிருக்க முடியும், ஆனால் உதவவில்லை என்று பொருள்.

எழுத்தில் ‘கேனாட்’ ஒரே சொல்லாகச் சேர்ந்தே வரும். பேச்சில், உடன்பாட்டு வாக்கியத்தின் நடுவே வரும் கேன் அழுத்தமின்றிக் ‘கன்’ என்பதுபோல் தேய்ந்து ஒலிக்கும்; கான்ட் அழுத்தம் பெறும். அமெரிக்கர்கள் அதைக் ‘கேன்ட்’ என்று ஒலித்து இறுதி டகர ஒலியையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், உடன்பாடா மறுப்பா என்பதை அந்த அழுத்தத்தைக் கொண்டே பிரித்தறிய வேண்டியிருக்கும். பணமோ தேதியோ பேசும்போது ஐயம் எழுந்தால், ‘கேனாட்’ என்று முழுமையாகச் சொல்லிவிடுவது நல்லது.