மட்டக்களப்பில் புதுச் சேர்ச்சுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலை மாற்றமாகி மட்டக்களப்புக்கு வருகிறவர்கள், வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் படிக்க வருகிற பிள்ளைகள், கலியாணம் கட்டி இந்தப் பக்கம் வந்து குடியேறுகிறவர்கள் என்று வருடம் முழுக்க யாராவது ஒருவர் என்னிடம் கேட்கிற கேள்வி, “இங்க எந்தச் சேர்ச்சுக்குப் போறது நல்லம்?” நான் பெயர் சொல்வதில்லை. நாலு இடம் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மலையகத்திலிருந்து வந்த புதிதில் நானும் ஏழெட்டு மாதம் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றினேன். கத்தோலிக்கக் கோயில், மெதடிஸ்த சபை, அங்கிலிக்கன், பெந்தெகோஸ்தே எல்லாவற்றுக்கும் போனேன். அப்போது நான் செய்த தவறுகளையும், பிறகு மற்றவர்கள் செய்வதைப் பார்த்ததையும் யோசித்தால், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: யாருக்கும் தெரியாமல் வந்து, யாருக்கும் தெரியாமல் எழும்பிப் போய்விடலாம் என்ற நினைப்பு. கொழும்பில் அது சரிவரலாம். இங்கே சரிவராது.

முதலில் வாசல். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இங்குள்ள சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் குண்டோடு வந்தவனும் பையோடு வந்த, யாருக்கும் முகம் தெரியாத ஒருவன்தான். யார் என்று விசாரித்து, உள்ளே வரச்சொல்லி அன்பாகக் கூப்பிட்டவர்கள் இருந்த இடம் அது. ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகளோடு படித்தவர்கள், பெற்றோரின் சொந்தக்காரர், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் இந்த ஊரின் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பெரிய முதுகுப் பையைக் கொழுவிக்கொண்டு, ஹெல்மட்டைக் கழற்றாமல், வாசலில் நிற்கிற அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் விறுவிறென்று உள்ளே போனால், அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். பூசை முடியும்வரைக்கும் அவருடைய கண் உங்கள் பையில்தான் இருக்கும், ஒரு வரி செபம்கூட அவரால் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது மிகச் சின்ன விஷயம். பையை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பஸ்ஸில் நேரே ஊரிலிருந்து வந்து இறங்கி, பையோடுதான் போக வேண்டும் என்றால் வாசலில் நீங்களாகவே திறந்து காட்டுங்கள். “அண்ணன், நான் ஊருக்குப் புதுசு, இன்ன இடத்தில வேலை செய்யிறன், பூசைக்கு வந்தன்” என்று கேட்க முன்னமே சொல்லிவிடுங்கள். அவர் தோள் தளர்வதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். அதற்குப் பிறகு அவரே உங்களைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டுவார், பாட்டுப் புத்தகமும் எடுத்துத் தருவார். சோதிக்கிறார்களே என்று முகத்தைச் சுழிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

“எந்த ஊர்? யாருட பிள்ளை?” என்று கேட்பதையும் அதே போலத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அது விசாரணை இல்லை, பேச்சைத் தொடங்குகிற வழி. அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், அங்கே தங்களுக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் என்று போய், கடைசியில் ஏதாவது ஒரு சொந்தம் கண்டுபிடித்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

நேரம். இணையத்தில் போட்டிருக்கிற நேரத்தை நம்பிப் போகாதீர்கள். பட்டினத்துக்குள் பரவாயில்லை, புளியந்தீவில் இருக்கிற மரியாள் பேராலயம் போன்ற இடத்தில் நேரம் பெரிதாக மாறாது. ஆனால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கமோ, அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கமோ போனால், ஒரே பாதரோ ஒரே போதகரோ இரண்டு மூன்று இடங்களைப் பார்க்கிறவராக இருப்பார். இந்த வாரம் காலை ஏழு மணி, அடுத்த வாரம் பின்னேரம் என்று மாறும். சனிக்கிழமையே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நற்கருணை, அதாவது வழிபாட்டில் கொடுக்கிற அப்பம். இதில்தான் நல்ல மனத்தோடு வருகிறவர்களும் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கத்தோலிக்கப் பூசையில் வரிசையாக எழும்பிப் போகிறார்களே, நாம் போகாவிட்டால் மரியாதை இல்லையோ என்று நினைத்து வேறு சபைக்காரரும், சில நேரம் இந்து நண்பர்களும் வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயா, அப்பத்தைக் கையில் வாங்கி, வாயில் போடாமல், கைலேஞ்சியில் பத்திரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வீட்டில் சுகமில்லாமல் படுத்திருந்த மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். இந்துக் கோயில்களில் பிரசாதத்தை அப்படித்தானே கொண்டுபோவார்கள். பீடச் சிறுவன் ஒருவன் பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். பாதர் மெதுவாக ஐயாவின் தோளில் கைவைத்து ஏதோ சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார். பூசை முடிந்ததும் ஐயாவோடு அவர் வீட்டுக்கே போய் அந்த அம்மாவுக்காகச் செபித்தார் என்று பிறகு அறிந்தேன். ஐயா செய்ததில் பாசம்தான் இருந்தது, ஆனால் கத்தோலிக்கருக்கு அது அடையாளமாகக் கொடுக்கிற அப்பம் இல்லை, அர்ச்சித்த பிறகு கிறிஸ்துவின் உடலே என்பது அவர்களுடைய விசுவாசம். அதனால் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் வாங்குவதில்லை, வாங்குகிறவர்களும் அந்த இடத்திலேயே உட்கொள்ள வேண்டும். நீங்கள் உங்கள் வாங்கில் (இருக்கையில்) அமைதியாக இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மெதடிஸ்த சபையில் பொதுவாகத் திருவிருந்துக்கு (நற்கருணையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மற்றச் சபையாரையும் அழைப்பார்கள், போதகர் அதைச் சொல்லியே அழைப்பார். அங்கிலிக்கன் சேர்ச்சில் ஞானஸ்நானம் பெற்று, உங்கள் சொந்தச் சபையில் நற்கருணை எடுக்கிறவராக இருந்தால் எடுக்கலாம். பெந்தெகோஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் என்பது பல இடங்களில் ஒழுங்கு. சந்தேகம் என்றால் தொடங்க முன்னம் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கள். தட்டு கைக்கு வந்த பிறகு கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

சொற்கள் மாறுவதையும் அறிந்து வைத்துக்கொண்டால் நல்லது. வீட்டிலிருந்து பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போவீர்கள், அங்கே “தொடக்க நூலிலிருந்து வாசகம்” என்பார்கள். அது உங்கள் ஆதியாகமம். திருப்பாடல் என்றால் சங்கீதம், திருத்தூதர் பணிகள் என்றால் அப்போஸ்தலர் நடபடிகள். தோபித்து, மக்கபேயர் என்று வந்தால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்த நூல்கள் உங்கள் கையில் உள்ள 66 புத்தகங்களுக்குள் இல்லை, அவர்களுடையதில் 73. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது இன்னொரு இடம் இருக்கிறது. பூசையில் “தீமையிலிருந்து” என்ற வரியோடு மக்கள் நிறுத்திவிடுவார்கள், பாதர் நடுவில் ஒரு செபம் சொல்லுவார். நான் என் முதல் பூசையில் கண்ணை மூடிக்கொண்டு “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று தனியாகச் சொல்லிக்கொண்டு போனேன். முன் வாங்கில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி என் கையைத் தட்டி, “பொறு மனே, மறுகா சொல்லுவம்” என்றா. உண்மையிலேயே பாதருடைய செபம் முடிந்த பிறகு அந்த வரிகளை எல்லோருமாகச் சொன்னோம்.

கூப்பிடுகிற முறையும் அப்படித்தான். கத்தோலிக்கக் குருவைப் பாதர் என்றும், மெதடிஸ்தரைப் போதகர் என்றும், பெந்தெகோஸ்தே சபையில் பாஸ்டர் என்றும் சொல்லுங்கள். யாராவது வணக்கமாக ஸ்தோத்திரம் என்று சொன்னால் ஸ்தோத்திரம் என்று திரும்பச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

உடுப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக் கலியாணத்துக்கு உடுக்கிற மாதிரி இல்லாமல், பாடசாலைக்கு உடுக்கிற மாதிரி இருந்தால் எங்கும் பொருந்தும். சில சபைகளில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பாயில் இருப்பார்கள், பெண்கள் முக்காடு போடுவார்கள், ஆணும் பெண்ணும் வேறு பக்கம். சிலோன் பெந்தெகோஸ்தே மிஷன் சபைக்குப் போனால் வெள்ளை உடுப்பும் நகை இல்லாத கழுத்துமாகத்தான் பெரும்பாலானவர்கள் இருப்பார்கள். நீங்கள் நகையோடு போனால் வெளியே அனுப்ப மாட்டார்கள், ஆனால் ஒரு சோல் (சால்வை) கையில் இருப்பது உதவும்.

எந்த வாங்கில் இருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல், அடுத்த வருடமே இறந்துபோனார். கத்தோலிக்கமோ போர்த்துக்கீசர் காலத்துக்குப் போகிறது, இன்றும் அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் கோயில்களில் இருக்கின்றன. இப்படி ஐந்தாறு தலைமுறையாக ஒரே சபையில் இருக்கிற குடும்பங்களுக்கு என்று வழக்கமான வாங்குகள் உண்டு. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டா இறந்து ஒரு மாதமும் ஆகாத குடும்பம் அவர் இருந்த மூலையை வெறுமையாக விட்டிருக்கும், நீங்கள் போய் அதில் இருந்துவிடுவீர்கள். ஒதுங்கி நின்று, “எங்க இருக்கலாம் அக்கா?” என்று கேட்டால் முடிந்தது.

பண்டிகை நாளை மட்டும் பார்த்துச் சபையை அளக்கிறதும் பிழை. ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கும், சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்துக்கும் திருவிழாவுக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் அந்தச் சனத்தில் பங்கின் சாதாரண ஞாயிறு எப்படி இருக்கும் என்று தெரியாது. அறுப்பின் பண்டிகை அன்று போனால் முடிவில் ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைக்குலை, கோழி, ஒரு போத்தல் தேன். “சந்தையில இது முந்நூறு ரூபா” என்று பக்கத்தில் சொல்லாதீர்கள். அந்தப் பூசணிக்காய் மூவாயிரத்துக்குப் போகும், வாங்கினவரே திரும்பவும் ஏலத்துக்குக் கொடுப்பார். அது விலை இல்லை, காணிக்கை.

போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம், அதுவும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வேண்டவே வேண்டாம். ஏன் என்று மேலே சொன்னதை வாசித்தவர்களுக்கு விளங்கும்.

சில சபைகளில் புதியவரை எழும்பச் சொல்லிப் பெயர் கேட்பார்கள், போன் நம்பர் எழுதத் துண்டு தருவார்கள். பயந்து பிழையான நம்பர் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லுங்கள்: “நான் இன்னும் முடிவெடுக்கேல்ல, நாலு இடம் போய்ப் பார்க்கிறன்.” வீட்டுக்கு ஜெபிக்க வருகிறோம் என்றால், வசதியான நாளைச் சொல்லுங்கள், அல்லது இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். தெளிவாகச் சொன்னால் மதிக்கிறார்கள். ஆனால் ஒன்று: ஒரு சபையில் கண்டதை இன்னொரு சபையில் போய்க் குறையாகச் சொல்லாதீர்கள். அந்தப் பாஸ்டரின் மச்சாள் இந்தப் பங்கில் பாட்டுக் குழுவில் இருப்பா. வாவியின் அக்கரையில் சொன்னது இக்கரைக்கு வர அரை நாள் போதும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் மிகவும் பிந்திப் படித்தேன். ஒரு சபைக்கு ஐந்தாறு வாரம் போய்விட்டு, வேறு இடம் பிடித்ததும் சொல்லாமல் நின்றுவிட்டேன். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு பின்னேரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. வாசலில் நிற்கிற அந்த அண்ணன். “தம்பி, ரெண்டு கிழமையா காணேல்ல. சுகமில்லையோ? போடிங்கில சாப்பாடு ஒழுங்கோ?” வேறு சபைக்குப் போகிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். “அது பரவாயில்ல, எங்க போனாலும் ஆண்டவர்தானே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் யோசிச்சிருக்க மாட்டனே” என்றார். ஒரு சபையை விட்டு வேறு இடம் போகும்போது, உங்களுக்கு இடம் காட்டியவரிடமாவது நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள்.