பழைய சின்ன டீசல் கார்: மைலேஜை அளப்பது எப்படி, காப்பாற்றுவது எப்படி

சிங்கப்பூரில் பழைய சின்ன டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் மைலேஜ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "லிட்டருக்கு இருபது போகுது, எண்ணெய் அடிக்கிற ஞாபகமே வராது" என்பார். இன்னொருவர் "தொடாதீங்க அண்ணே, டிபிஎஃப் அடைச்சு உயிரை வாங்கிடும்" என்பார் (டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, படி 2ல் விவரமாக வரும்). ரெண்டு பேரும் ஒரே மாடல், ஒரே வருஷத்துக் காரை ஓட்டிக்கொண்டிருக்கலாம். முதல் ஆள் தெம்பனிஸிலிருந்து துவாஸுக்கு தினமும் வேலைக்குப் போய் வருபவராக இருப்பார். ரெண்டாவது ஆள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய், பத்து நிமிஷத்தில் வீவக கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிவிடுபவர்.

இந்தப் பதிவு இப்படி ஒரு காரை இப்போதுதான் வாங்கியவர்களுக்கு, அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும் பரவாயில்லை. மைலேஜை ஒழுங்காக அளக்கப் பழகிவிட்டால் எண்ணெய்க் காசு மிச்சமாவது சின்ன லாபம்தான்; காரில் ஏதோ சரியில்லை என்பது எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், அதுதான் பெரிய லாபம்.

முதலில்: கையில் இருப்பது எந்தக் கார்?

சிங்கப்பூரில் 2013ல் வந்த சிஇவிஎஸ் என்ற வாகனப் புகைத் திட்டம் ஒரு காரின் கார்பன் டை ஆக்சைடை மட்டும் பார்த்துத் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ விதித்தது. டீசல் கார் அதில் நல்ல மதிப்பெண் வாங்கும், ஏனென்றால் எரிப்பதே குறைவு. பெஜோ 208 இ-எச்டிஐ, ரெனோ ஃபுளுவென்ஸ் 1.5 டிசிஐ மாதிரியான கார்கள் இங்கே தெருவில் தென்பட ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். 2018ல் அதற்குப் பதிலாக விஇஎஸ் என்ற புதுத் திட்டம் வந்தது. அது நைட்ரஜன் ஆக்சைடு, புகைத்துகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டதால் டீசலுக்கு மவுசு போய்விட்டது. 2025 ஜனவரி 1 முதல் புது டீசல் காரோ டாக்சியோ பதிவு செய்யவே முடியாது. ஆக இன்று நீங்கள் வாங்கப்போவது கட்டாயம் ஒரு பழைய கார், பல சமயம் முதல் பத்து வருஷ சிஓஇ (கார் வைத்திருக்க இங்கே கட்டாயம் வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) முடிந்து புதுப்பிக்கப்பட்டது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மைலேஜ் இல்லை. கார் எந்த ஐரோப்பியப் புகைத் தரம், யூரோ 4ஆ, யூரோ 5ஆ என்று கேளுங்கள். டீசல் கார்களுக்குச் சாலை வரியோடு தனியாக ஒரு சிறப்பு வரி உண்டு, அது இன்ஜின் சிசியையும் யூரோ தரத்தையும் வைத்து மாறும், யூரோ 4க்கு நன்றாகவே தீட்டிவிடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வரியைப் பார்த்துவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள். பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடும், அப்புறம் வருஷத்துக்கு 10 விழுக்காடாக ஏறி 50ல் போய் நிற்கும். சோதனையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்பது போய் வருஷா வருஷம் ஆகிவிடும்.

படி 1: ஒழுங்காக அளப்பது

டாஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கம்பெனி விளம்பரத்தில் இருந்த எண்ணை இன்னும் நம்பாதீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியச் சோதனை ஆய்வகத்துக்குள் உருளைமேல் வைத்து, ஏர்கான் போடாமல், சுமார் 11 கிலோமீட்டரை 20 நிமிஷத்தில் ஓட்டி எடுத்த கணக்கு. ஏர்கான் இல்லாமல் மதியம் ரெண்டு மணிக்கு பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் அந்த எண் அவருக்குப் பொருந்தலாம்.

டாங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுவதுதான் சரியான வழி. முதல் தடவை பம்ப் தானாக நிற்கும்வரை அடியுங்கள். டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் டாங்க் வரும்வரை வழக்கம்போல ஓட்டுங்கள். அப்புறம் அதே நிலையத்துக்கு, முடிந்தால் அதே பம்புக்குப் போய் மறுபடி அது தானாக நிற்கும்வரை அடியுங்கள். ரசீதில் 41.3 லிட்டர், மீட்டரில் 742 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 742ஐ 41.3ஆல் வகுத்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். ஐரோப்பியர் எழுதும் முறையில் சொன்னால் 100 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர்.

டீசலுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது: நுரைக்கும். வேகமாக அடித்தால் டாங்க் நிறையும் முன்பே நுரை ஏறி பம்ப் நின்றுவிடும், ஒரு தடவை 39 லிட்டர், இன்னொரு தடவை 43 என்று கணக்கு ஆடும். மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். அதனால்தான் ஒரு டாங்க் கணக்கை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது, மூன்று நான்கு டாங்க் சராசரி வேண்டும். போனில் ஒரு சின்ன அட்டவணை போதும்: தேதி, கிலோமீட்டர், லிட்டர், அந்த வாரம் எங்கே ஓடியது. கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் அது இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமே கிடையாது.

இன்னொன்று. ஊழியர் எண்ணெய் அடித்துக் கொடுக்கும் நிலையமாக இருந்தால் "டீசல் அங்கிள், டீசல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் எந்தக் குழாயை எடுக்கிறார் என்று பாருங்கள். சின்னக் காரைப் பார்த்ததும் கை தானாக 95க்குப் போகும், பெட்ரோல் குழாய் டீசல் டாங்க் வாயில் தாராளமாக நுழையும். தப்பித்தவறி பெட்ரோல் விழுந்துவிட்டால் இன்ஜினைத் தொடாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். வண்டியை இழுத்துப் போய் டாங்கைக் காலி செய்வது ஒரு நாள் செலவு. ஸ்டார்ட் செய்துவிட்டால் உயர் அழுத்தப் பம்ப், இன்ஜெக்டர் என்று பழைய காரின் விலைக்கே கணக்கு வந்துவிடும்.

எவ்வளவு வந்தால் நல்லது? 1.5 அல்லது 1.6 லிட்டர் இன்ஜின், இங்கே ஏர்கானோடு, என் அனுபவத்தில் நகருக்குள் மட்டும் ஓடினால் 14, 15. பாதிக்குப் பாதி விரைவுச்சாலை என்றால் 17, 18. பெரும்பாலும் விரைவுச்சாலை என்றால் 20ஐத் தாண்டும். உங்கள் கார் போன மாதம் என்ன கொடுத்தது என்பதோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் காரோடு வேண்டாம்.

படி 2: டிபிஎஃப்பைப் புரிந்துகொள்வது

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். டிபிஎஃப் என்பது புகைபோக்கிக் குழாயில் இருக்கும் வடிகட்டி, கரித்துகளைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் கார் கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலவழித்து அதன் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, பிடித்த கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதை ரீஜென் என்பார்கள். இதற்குப் பத்திலிருந்து இருபது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும்.

நம் தீவு கிழக்கிலிருந்து மேற்காக ஐம்பது கிலோமீட்டர்தான். பலருடைய அன்றாடப் பயணத்தில் இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. ரீஜென் ஆரம்பிக்கும், நீங்கள் சாவியை அணைப்பீர்கள். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் கூடுதல் டீசல் வீணாகிறது, மைலேஜ் 17லிருந்து 14க்கு இறங்குகிறது. எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள்: பழைய காரில் ஆயில் குறைவது சகஜம், அளவு கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். டீசல் வாடையும் அடித்தால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

ரீஜென் நடப்பதைப் பல கார்கள் சொல்லாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும், தானாக அணைந்து எழும் வசதி வேலை செய்யாது, அந்த நேரத்து மைலேஜ் எண் அசிங்கமாகத் தெரியும், காரை அணைத்த பிறகும் விசிறி இரையும். அந்தச் சமயம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாலும் நிறுத்தாதீர்கள். பக்கத்து விரைவுச்சாலையில் ஏறி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். 80ல் போகும்போது கியரை ஒன்று குறைத்து 2,000 சுற்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும். தினமும் குட்டிப் பயணம் மட்டுமே என்றால் வாரம் ஒரு முறை இரவில், ஈஆர்பி சாலைக் கட்டணம் இல்லாத நேரம் பார்த்து, கேஜேஇ, பிகேஇ விரைவுச்சாலைகளைச் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். "கார் நிறுத்துமிடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டால் போதாதா" என்று கேட்பார்கள். போதாது, அந்தச் சூடு வராது; நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவதே இங்கே குற்றம்.

ரீஜென்னுக்கும் ரீஜென்னுக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் இருந்தால் கவலை வேண்டாம். நூறு கிலோமீட்டருக்குள் திரும்பத் திரும்ப வந்தால் டிபிஎஃப்பை மாற்றச் சொல்லும் முன் வேறு காரணம் தேடச் சொல்லுங்கள். "கழற்றிக் காலி பண்ணிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்த வொர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வருஷச் சோதனையில் புகை அளவு பார்ப்பார்கள், வண்டி தேறாமல் நிற்கும்.

படி 3: எண் விழுந்தால் எதைப் பார்ப்பது

மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். டயர்க் காற்றை மாதம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன் பாருங்கள். காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். டீசல் வடிகட்டியை நேரத்தில் மாற்றுங்கள், அதன் அடியில் தண்ணீர் தேங்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை குளிர்நீரை அடைத்து வைக்கும் வால்வு. இந்தச் சூட்டில் இன்ஜின் எப்படி ஆறிப்போகும் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் 70 டிகிரியைத் தாண்டத் திணறும், பல கார்களில் ரீஜென்னே தொடங்காது. வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே கருவி, காரின் கணினியைப் படித்துப் போனுக்கு அனுப்பும் புளூடூத் ஓபிடி ரீடர். குளிர்நீர் வெப்பம் 80, 90ல் நிற்கிறதா, டிபிஎஃப்பில் கரி எவ்வளவு என்பதைப் பல கார்களில் போனிலேயே பார்த்துவிடலாம். அதற்கும் பிறகு டர்போக் குழாய்களில் கசிவு, கரி பிடித்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது), காற்றளவு சென்சார். இவை வொர்க்‌ஷாப் வேலை. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ டீசல் பார்த்துப் பழகியவரிடம் போங்கள், டீசல் வேன்கள் வரிசையாக நிற்கும் கடை நல்ல அடையாளம். உங்கள் அட்டவணையைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இன்ஜின் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான், டப்பாவில் ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரக் குறியோடு சி2, சி3 மாதிரி ஒரு சி எண் இருக்கும், உங்கள் காருக்கு எது என்பது கையேட்டில் உண்டு. கம்பெனி 20,000 கிலோமீட்டர் தாங்கும் என்று சொல்லியிருந்தாலும் நம் ஊர் ஓட்டத்துக்கு நான் 10,000க்கு மேல் விடமாட்டேன், டர்போவுக்கு உயிர் அந்த ஆயில்தான். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஓட்டும் விதம்

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. டீசலுக்குக் கீழ்ச்சுற்றிலேயே இழுவை உண்டு, மிதிக்க வேண்டாம். சிவப்பு விளக்கு தெரிந்ததும் கியரிலேயே காலை எடுத்துவிட்டால் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தள்ளினால் ஓடிக்கொண்டே இருக்கும். விரைவுச்சாலையில் 80, 85ல் நிதானமாகப் போனால் போதும்.

படி 5: காசுக் கணக்கு

டீசலுக்கு 2017ல் லிட்டருக்கு 10 காசு தீர்வை வந்தது, 2019ல் 20 காசு ஆனது. 95 பெட்ரோலுக்கு 2021லிருந்து 66 காசு. அதனால் பம்பில் டீசல் பொதுவாக மலிவு, ஆனால் உலகச் சந்தை ஆடும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஜோகூர் போய் அடிக்கலாமே என்றால், தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ல் மானியம் எடுக்கப்பட்டு ஒரே நாளில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது, அதற்காக மட்டும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நிற்பது வீண்.

வருஷம் 15,000 கிலோமீட்டர் என்றால், 18 கொடுக்கும் டீசலுக்கு 833 லிட்டர், 12 கொடுக்கும் பழைய பெட்ரோல் காருக்கு 1,250 லிட்டர். ரெண்டையும் அன்றைய பம்ப் விலையால் பெருக்கி, வித்தியாசத்திலிருந்து டீசல் சிறப்பு வரியைக் கழித்துப் பாருங்கள். வருஷம் 8,000 கிலோமீட்டர்கூட ஓடாதவருக்கு மிச்சம் சொற்பம்தான், டிபிஎஃப் தலைவலியும் அவருக்கே அதிகம். அவர் பெட்ரோலோ ஹைபிரிடோ பார்க்கட்டும்.

சிஓஇ புதுப்பிக்கும் நேரம் வந்தால் 5 வருஷத்துக்கு 10 வருஷப் பிரீமியத்தில் (புதுப்பிக்கும் கட்டணம்) பாதி, ஆனால் அது முடிந்தபின் மறுபடி நீட்டிக்க முடியாது, 10 வருஷம் எடுத்தால் முடியும். எதை எடுத்தாலும் பார்ஃப் தள்ளுபடி (பத்து வருஷத்துக்குள் காரைப் பதிவிலிருந்து எடுத்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) போய்விடும். கையெழுத்துப் போடும் முன் டிபிஎஃப்பின் சாம்பல் அளவையும் டர்போவையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ரெண்டில் ஒன்று போகும் நிலையில் இருந்தால் அந்தச் செலவையும் பிரீமியத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய பெட்ரோல் கார்களின் விலையையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.